முதலில் முடியைப் பாருங்கள், அப்புறம் கதையைப் படியுங்கள்

என் தம்பி மகளுக்கு வருகிற பிப்ரவரியில் எட்டு வயது ஆகிறது. அவள் அம்மா பிலடெல்பியாவில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண், அப்பா எங்கள் வீட்டுத் திருச்சிப் பையன். வளையல், கொலுசு, பட்டுப்பாவாடை எல்லாம் பாட்டி பொறுப்பு என்பதால் அத்தைக்கு மிஞ்சியது புத்தகம். இதுவரை ஏழு பிறந்தநாள், நடுவில் தீபாவளி, கிறிஸ்துமஸ், சும்மா பார்க்கப் போனது என்று நாற்பது புத்தகமாவது வாங்கியிருப்பேன், அதில் பாதி தண்டம். இங்கே நியூஜெர்சி எடிசனில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வருடா வருடம் பள்ளியிலிருந்து சீட்டு வரும், பிப்ரவரியில் கொண்டாடும் கறுப்பின வரலாற்று மாதத்துக்கு ஒரு புத்தகம் கொண்டு வரச் சொல்லி. உடனே எனக்கு வாட்ஸப் வரும், "அக்கா, என்ன வாங்கலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை கட்டிப்போனதால், கறுப்பினக் குழந்தைகள் வரும் படப்புத்தகத்தை எப்படிப் பார்த்து வாங்குவது என்று மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

ஏமாந்த கதையில் ஆரம்பிக்கிறேன். குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஆன்லைனில் பத்து அட்டைப் புத்தகம் சேர்ந்த ஒரு செட் வாங்கினேன். எல்லா நிறக் குழந்தைகளும் கைகோத்து நிற்கிற அட்டைப்படம், ஐந்து நட்சத்திரம், நாற்பது டாலர் சொச்சம். பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பி மனைவி ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு யார் தலை சீவி விட்டது?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது, பத்து புத்தகத்திலும் இருப்பது ஒரே முகம். அதே மூக்கு, அதே உதடு, அதே நேர்முடி, ஒன்றில் ரோஸ் பெயின்ட், இன்னொன்றில் காபிக் கலர் பெயின்ட், அவ்வளவுதான். ஓவியர் ஒரு குழந்தையை வரைந்துவிட்டு மீதி ஒன்பதுக்குப் பக்கெட்டில் கலர் ஊற்றியிருக்கிறார். அந்த செட் இன்னும் வீட்டில் இருக்கிறது. நான்கு வயதில் குழந்தையே கறுப்புக் கிரேயான் எடுத்து எல்லாத் தலையிலும் சுருள் சுருளாகக் கிறுக்கி வைத்தாள். இப்போது பரவாயில்லை, பார்க்கும்படி இருக்கிறது.

அன்றிலிருந்து நான் கடையில் செய்வது இதுதான்: கதையைப் படிக்க மாட்டேன், விருதுச் சின்னத்தைப் பார்க்க மாட்டேன், முதலில் முடியைப் பார்ப்பேன். சுருளை ஒரு கறுப்பு உருண்டையாக நிரப்பிவிட்டுப் போயிருக்கிறாரா, அல்லது வகிடு, பின்னல், காதோரம் படிய வைத்த குட்டி முடி என்று உட்கார்ந்து வரைந்திருக்கிறாரா. கறுப்பினத் தோலிலேயே எத்தனை நிறம் உண்டு, ஒரு குடும்பத்தில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருக்கும் ஒரே டப்பாவிலிருந்து அடித்திருக்கிறாரா. முடியைச் சோம்பேறித்தனமாக வரைந்தவரின் கதையும் பெரும்பாலும் சோம்பேறித்தனமாகத்தான் இருந்திருக்கிறது, எனக்கு அனுபவம்.

சரி, நல்லவற்றுக்கு வருகிறேன். இரண்டு வயதில் வாங்கிய ‘தி ஸ்னோயி டே’ இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறது. எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி அவரே படமும் செய்தது, 1962இல் வந்தது, மறுவருடம் சிறந்த படப்புத்தகத்துக்கான கால்டெகாட் விருது வாங்கியது. காகிதத்தை வெட்டி ஒட்டிச் செய்த படங்கள். பீட்டர் என்ற சின்னப் பையன் காலையில் எழுந்து பார்க்கிறான், வெளியே பனி, சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு போகிறான், கால் தடம் பதிக்கிறான், குச்சியால் மரத்தைத் தட்டித் தலையில் பனி விழ வைத்துக்கொள்கிறான், சாயங்காலம் ஒரு பனி உருண்டையை மறுநாளுக்கென்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருகிறான். குளித்துவிட்டு வந்து பார்த்தால் பாக்கெட் காலி. கதை இவ்வளவே. அவன் கறுப்பினப் பையன் என்று ஒரு வார்த்தைகூட எழுத்தில் கிடையாது, படத்தில் மட்டும்தான். நியூயார்க் பொது நூலகம் 2020இல் கணக்கெடுத்தபோது அவர்களுடைய 125 வருடத்தில் அதிகமாக இரவல் போன புத்தகம் இதுதான், 4,85,583 முறை.

இதைப் படித்த வாரம் எங்கள் ஆள் பாட்டியின் எவர்சில்வர் டப்பாவில் பனியை அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டாள். பீட்டருக்கு மூளை இல்லை என்று எனக்கு விளக்கம் வேறு. பாட்டி அதில் வைத்திருந்த தேங்காய்த் துருவல் என்ன ஆனது என்பது இன்றுவரை பேசித் தீராத வழக்கு.

ஒன்று சொல்ல வேண்டும், கீட்ஸ் கறுப்பினத்தவர் இல்லை, போலந்திலிருந்து வந்த யூதப் பெற்றோரின் மகன். இந்தப் புத்தகத்துக்கும் அப்போதே விமர்சனம் இருந்தது. 1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் எழுதிய ஒரு பேர்பெற்ற கட்டுரை உண்டு, மூன்று வருடத்தில் வந்த 5,206 குழந்தைப் புத்தகங்களை எடுத்துப் பார்த்து, அதில் 349இல்தான் ஒரு கறுப்பினத்தவராவது இருக்கிறார் என்று கணக்குச் சொன்னது. படத்தில் ஒரு ஓரமாக நின்றாலும் கணக்கில் சேர்த்துத்தான் இந்த 349. அந்தக் கட்டுரையிலேயே பீட்டரின் அம்மாவை வரைந்த விதத்தைக் குறை சொல்லியிருக்கிறார், பழைய சினிமாவில் வரும் குண்டான வேலைக்காரப் பெண்மணி மாதிரி இருக்கிறாள் என்ற அர்த்தத்தில். எனக்கு அப்படித் தோன்றவில்லை, தம்பி மனைவிக்குக் கொஞ்சம் தோன்றுகிறது, ஆனால் அவளும் சின்ன வயதில் இதைப் படித்துத்தான் வளர்ந்தாள். அந்தக் கட்டுரைக்கும் நாற்பத்தைந்து வருடம் முன்னாலேயே, 1920 ஜனவரியில், டபிள்யூ. இ. பி. டுபோய்ஸ், ஜெஸ்ஸி ஃபாசெட் என்ற கறுப்பின எழுத்தாளர்கள் கறுப்பினக் குழந்தைகளுக்கென்றே ‘தி பிரவுனீஸ் புக்’ என்று ஒரு மாத இதழ் நடத்தியிருக்கிறார்கள், விலை 15 சென்ட். இரண்டே வருடத்தில் நின்றுபோனது. அதற்குள் பின்னால் பெரிய கவிஞரான லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதையை, பள்ளி இதழுக்கு வெளியே முதன்முதலில், அச்சில் போட்டுவிட்டுத்தான் நின்றது. 1985இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக நூலக மையம் எண்ணிப் பார்த்தபோது அந்த வருடம் அமெரிக்காவில் வந்த சுமார் 2,500 குழந்தைப் புத்தகங்களில் கறுப்பினத்தவர் எழுதியதோ வரைந்ததோ வெறும் 18. தம்பி மனைவி குழந்தையாக இருந்த காலம் அது. அவள் அம்மா, ஓய்வுபெற்ற டீச்சர், அந்த நாளில் வெள்ளைக்காரக் குழந்தைகள் உள்ள புத்தகங்களை வாங்கி முகத்துக்கு மார்க்கரில் கலர் அடித்துக் கொடுப்பாராம். ஆகப் பேத்தியின் கிரேயான் வேலை பாட்டி வழி வந்தது.

நான்கு வயதுக்கு ‘ஹேர் லவ்’. மாத்யூ செர்ரி எழுதியது, வாஷ்டி ஹாரிசன் வரைந்தது, 2019. இதே கதை குறும்படமாக வந்து 2020இல் ஆஸ்கர் வாங்கியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஸூரி என்ற பெண்ணுக்கு முடி சொன்ன பேச்சைக் கேட்காது. இன்றைக்கு முக்கியமான நாள், அம்மா இல்லை, அப்பாதான் தலை பின்னிவிட வேண்டும், அவருக்கோ ஒன்றும் தெரியாது. செய்கிறார், சரியாக வரவில்லை, இன்னொன்று செய்கிறார், அதுவும் சரியில்லை. முடி இந்தப் புத்தகத்தில் ஒரு கதாபாத்திரம், ஒவ்வொரு பக்கத்திலும் வேறு மாதிரி பொங்குகிறது, மடங்குகிறது, எழும்புகிறது. குறும்படத்தில் அம்மா மருத்துவமனையில் இருப்பது தெரியும், புத்தகத்தில் அதை அழுத்தவில்லை, சின்னக் குழந்தைக்கு அதுவே போதும்.

இந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் ஒரு சண்டையைத் தீர்த்தது. என் அம்மா ஊரிலிருந்து வந்த புதிதில் பேத்திக்குத் தலை வார உட்கார்ந்தார், கையில் ஊரிலிருந்து கொண்டுவந்த நைசான பல் சீப்பு, பக்கத்தில் பாராசூட் டப்பா, காய்ந்த முடியில் உச்சியிலிருந்து ஒரே இழுப்பு. குழந்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "இதென்ன முடி, சிக்கே எடுக்க வரல" என்று அம்மா சொன்னது குழந்தைக்குத் தமிழ் அரைகுறையாகத் தெரிந்தும் நன்றாகவே புரிந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் புத்தகத்தை நான் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்ல, பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பார்த்தார்கள். அம்மா கதையைக் கேட்கவே இல்லை, படத்தில் இருந்த சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லு அகலமா இருக்கு" என்றார். மறுநாள் மருமகளிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார், ஈரத்தில் வாருவது, கண்டிஷனர் தடவி நுனியிலிருந்து மேலே போவது, ராத்திரி சாட்டின் தொப்பி போட்டுவிடுவது. தேங்காய் எண்ணெய் மட்டும் இரண்டு கட்சிக்கும் பொது என்று தெரிந்ததில் அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. கலிஃபோர்னியாவில் 2019இல் முடியை வைத்துப் பள்ளியிலும் வேலையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது, அப்புறம் பல மாநிலங்கள் தொடர்ந்தன என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. முடிக்குச் சட்டமா என்றார். ஆமாம்மா, முடிக்குச் சட்டம்.

அதே வரிசையில் ‘கிரவுன்’ என்று டெரிக் பார்ன்ஸ் எழுதியது, கார்டன் ஜேம்ஸ் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது, 2017. ஒரு பையன் சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு ராஜா மாதிரி வெளியே வருகிறான். நான்கு கௌரவ விருது, எல்லாவற்றுக்கும் தகுதி. ஆனால் எச்சரிக்கை, இதைச் சத்தமாக வாசிக்க ஒரு நடை வேண்டும், தாளம் வேண்டும். நான் வாசித்தால் ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று தம்பி சொல்லிவிட்டான். குழந்தையின் மாமா வாசித்துக் கேட்டேன், அப்போதுதான் புத்தகம் என்னவென்று தெரிந்தது.

பிப்ரவரி மேஜையைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டும். கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926இல் ஒரு வாரமாக ஆரம்பித்துப் பின்னால் மாதமாக வளர்ந்தது இந்தக் கறுப்பின வரலாற்று மாதம், லிங்கனும், அடிமைத்தனத்திலிருந்து தப்பி அதை எதிர்த்துப் போராடிய ஃபிரடெரிக் டக்ளஸும் பிறந்த வாரம் என்பதால் பிப்ரவரி. எங்கள் பெண்ணும் பிப்ரவரி என்பதால் நான் புத்தகம் வாங்கப் போகும்போதெல்லாம் பெரிய கடைகளில் வாசலிலேயே ஒரு மேஜை போட்டிருப்பார்கள். மேஜையில் யார்? மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ், ஹாரியட் டப்மன். அடுத்த அடுக்கில்? அதே மூன்று பேர், வேறு பதிப்பகம். ஒரு கடையில் மார்ச் முதல் வாரம் போனேன், அந்த மேஜையில் ஈஸ்டர் முயல் உட்கார்ந்திருந்தது, புத்தகம் எங்கே என்று கேட்டால் பின்னால் குடோனுக்குப் போய்விட்டது, அடுத்த வருடம் வாருங்கள் என்றார்கள். குழந்தை என்ன, பிப்ரவரியில் மட்டுமா கறுப்பினக் குழந்தை?

அந்த மேஜையில் எடுக்கத்தான் வேண்டும் என்றால் ரோசா பார்க்ஸை வைத்து ஒரு சோதனை செய்யலாம். வேலை செய்து கால் வலித்த ஒரு பாவப்பட்ட வயதான அம்மா, அசதியில் வெள்ளையருக்காக பஸ் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை என்று புத்தகம் சொன்னால் அப்படியே மேஜையில் வைத்துவிடுங்கள். 1955 டிசம்பரில் அவருக்கு வயது 42. அலபாமாவின் மான்ட்கோமரியில் கறுப்பினத்தவர் உரிமை அமைப்பின் செயலாளராகப் பல வருடம் வேலை பார்த்தவர், அந்தக் கோடையில்தான் டென்னசியில் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போய் வந்திருந்தார். என் அசதி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து வந்த அசதிதான் என்று அவரே தன் கதையில் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒன்பது மாதம் முன்னாலேயே கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி அதே ஊர் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். அந்தப் பெண்ணை ஒரு வரியாவது சொல்லும் புத்தகமாக இருந்தால் நம்பி வாங்கலாம்.

கிங் பற்றிய புத்தகங்களில் எனக்கு ஒரு ஏக்கம் உண்டு. 1959இல் அவர் இந்தியா வந்தபோது கேரளத்தில் ஒரு பள்ளியில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளிடம், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று தலைமை ஆசிரியர் அறிமுகப்படுத்தினார், கிங் முதலில் திடுக்கிட்டு, அப்புறம் ஆமாம் நான் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டதாகப் பின்னால் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். நான் புரட்டிய எந்தக் குழந்தைப் புத்தகத்திலும் இது இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு பாட்டி வீட்டுக் கதையையும் ஒரே பக்கத்தில் சொல்ல அதைவிட வேறென்ன வேண்டும்? தம்பி மனைவி ஒருமுறை, "உங்கள் ஊரில் சாதியைப் பற்றிக் குழந்தைகளுக்கு என்ன புத்தகம் கொடுத்தார்கள்?" என்று கேட்டாள். நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குக் கிடைத்தது ஒவ்வொரு பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலும் தீண்டாமை ஒரு பாவச்செயல் என்ற மூன்று வரி, அதற்கப்புறம் பக்கம் திருப்பினால் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

பாடப்புத்தகம் என்றதும் இன்னொன்று. எங்கள் அம்மா தலைமுறைக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த வார்த்தை நீக்ரோ, அதில் தப்பு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வீட்டில் பெரியவர்கள் புத்தகம் வாசித்துக் காட்டுவார்கள் என்றால் முதலில் அவர்களிடம் கறுப்பினத்தவர் என்று சொல்லப் பழக்கிவிடுங்கள். கூடவே இந்தக் "கலர் கொஞ்சம் கம்மி" பேச்சையும் வாசலிலேயே நிறுத்துங்கள். எவ்வளவு நல்ல புத்தகம் வாங்கினாலும் அந்த ஒரு வாக்கியம் அதைத் தின்றுவிடும்.

சமீபத்தில் வேறொரு தொல்லை. ஆன்லைனில் வாழ்க்கை வரலாறு என்று எட்டு டாலருக்கு மெலிசாக ஒன்று வரும், எழுதியவர் பெயரைத் தேடினால் அவர் அந்த மாதத்திலேயே முப்பது புத்தகம் எழுதியிருப்பார். நான் வாங்கிய ஒன்றில் அட்டையில் இருந்த பெண்மணிக்கும் உள்ளே இருந்த பெண்மணிக்கும் முகமே வேறு, ஒரு பக்கத்தில் கையில் ஆறு விரல். திருப்பி அனுப்பிவிட்டேன். ஓவியர் பெயர் போடாத படப்புத்தகத்தை வாங்காதீர்கள்.

இப்போது கஷ்டமான பகுதி. அடிமைத்தனத்தையும், வெள்ளையர் வேறு கறுப்பினத்தவர் வேறு என்று பிரித்து வைத்ததையும் எத்தனை வயதில், எந்தப் புத்தகத்தில் ஆரம்பிப்பது? எங்கள் வீட்டில் ஆறு வயதில் ரூபி பிரிட்ஜஸில் ஆரம்பித்தோம், காரணம் ரூபிக்கும் அப்போது ஆறு. 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்குள் நான்கு மத்திய அரசு காவல் அதிகாரிகள் காவலோடு நடந்துபோன பெண். ‘ஐ ஆம் ரூபி பிரிட்ஜஸ்’ என்று அவரே 2022இல் எழுதிய படப்புத்தகத்தைத்தான் நான் சிபாரிசு செய்வேன், ஏனென்றால் அதில் பேசுவது அந்த ஆறு வயதுப் பிள்ளை. பள்ளி வாசலில் கத்திக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்து ஊரில் நடக்கும் மார்டி கிரா திருவிழா என்று நினைத்துக்கொண்டவள் அவள். வெள்ளைக்காரப் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட, அந்த வருடம் முழுக்க வகுப்பில் அவளும் பாஸ்டனிலிருந்து வந்த ஒரு டீச்சரும் மட்டும். எங்கள் ஆள் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ ஓடிப்பிடிச்சு யாரோட விளையாடினா?" என்று கேட்டாள். நான் அதுவரை யோசிக்காத கேள்வி. அவரே 1999இல் எழுதிய ‘த்ரூ மை ஐஸ்’ நிஜப் புகைப்படங்களோடு இருக்கிறது, அருமையான புத்தகம், ஆனால் கூட்டத்தில் ஒருவர் கறுப்புப் பொம்மையைச் சவப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு நின்றது வரை அதில் உண்டு, பத்து வயதுக்கு முன்னால் வேண்டாம்.

எப்படிச் சொல்லக் கூடாது என்பதற்கு ஒரு புத்தகம் பிலடெல்பியாவோடு சம்பந்தப்பட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாக இந்த ஊரில் இருந்தபோது அவர் வீட்டுச் சமையல்காரர் ஹெர்குலிஸ், அடிமை. அவர் தன் மகளோடு சேர்ந்து எஜமானரின் பிறந்தநாளுக்குக் கேக் செய்கிறார், சர்க்கரை தீர்ந்துவிடுகிறது, என்ன செய்வது, இதுதான் கதை. 2016 ஜனவரியில் ஒரு பெரிய பதிப்பகம் வெளியிட்டது, பக்கத்துக்குப் பக்கம் எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். எதிர்ப்பு கிளம்பி இரண்டு வாரத்தில் பதிப்பகமே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதை வரைந்தவர், பதிப்பாசிரியர் இருவருமே கறுப்பினப் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். எழுதியவர் யார் என்று மட்டும் பார்த்து வாங்க முடியாது, கீட்ஸ் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

நிஜத்தில் நடந்தது என்ன தெரியுமா? பிலடெல்பியா இருக்கிற பென்சில்வேனியா மாநிலத்தில் 1780லேயே ஒரு சட்டம், வெளியிலிருந்து கொண்டுவந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து இங்கே இருந்தால் விடுதலை கேட்கலாம். அதனால் வாஷிங்டன் ஆறு மாதம் முடிவதற்குள் ஆட்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்பக் கூட்டிவருவார், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. கடைசியில் ஹெர்குலிஸ் தப்பித்தார், 1797 பிப்ரவரி 22, வர்ஜீனியாவில் வாஷிங்டனின் பண்ணையிலிருந்து. அன்று வாஷிங்டனுக்கு 65ஆவது பிறந்தநாள். சில வாரம் கழித்து அங்கே வந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் வேலையாள், அப்பாவை இனிப் பார்க்கவே முடியாதே, வருத்தமாக இல்லையா என்று ஹெர்குலிஸின் ஆறு வயது மகளைக் கேட்டதற்கு, எனக்குச் சந்தோஷம்தான், அவர் இப்போது சுதந்திரமாக இருக்கிறார் என்றாளாம். அந்தப் பிரெஞ்சுக்காரரின் நாட்குறிப்பில் இருக்கிறது. கையில் இவ்வளவு இருக்கும்போது எதற்கு ஐயா கேக்?

அதற்கு நேரெதிர் ‘ஹென்ரீஸ் ஃப்ரீடம் பாக்ஸ்’. எலன் லெவின் எழுதி கதிர் நெல்சன் வரைந்தது, 2007. (கதிர் என்ற பெயரைப் பார்த்து அம்மா, நம்ம பையனா என்று கேட்டார். இல்லைம்மா.) வர்ஜீனியாவின் ரிச்மண்டில் அடிமையாக இருந்த ஹென்றி பிரவுன், தன் மனைவி மக்களை அவர்களுடைய எஜமானர் விற்றுவிட்ட பிறகு, 1849இல் ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து தன்னையே பார்சலாக பிலடெல்பியாவுக்கு அனுப்பிக்கொண்டார். இருபத்தேழு மணி நேரம். மேல் பக்கம் எது என்று பெட்டியில் எழுதியிருந்தும் வழியில் தலைகீழாக வைத்துவிட்டார்கள். நெல்சன் பெட்டியின் உள்ளே அவர் மடங்கிக் கிடப்பதைக் காட்டும் பக்கத்தில் எங்கள் ஆள் புத்தகத்தையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, "இப்போ சரியா உட்கார்ந்திருக்காரு" என்றாள். விற்றுவிட்ட குழந்தைகள் வண்டியில் போகிற பக்கத்தில் மட்டும் நான் வேகமாகத் திருப்பப் பார்த்தேன், அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஏழு வயதுக்கு இது தாங்கும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால். ஹென்றி இதில் பாவப்பட்ட ஆள் இல்லை, திட்டம் போடுகிறவர். அதுதான் வித்தியாசம்.

அந்தப் புத்தகம் ஆரம்பிப்பதே தன் வயது தெரியாத ஹென்றியோடு. அடிமைகளுக்குப் பிறந்தநாள் தெரிய விடமாட்டார்கள். டக்ளஸுக்கும் அப்படித்தான், பிப்ரவரி 14 அவராக வைத்துக்கொண்டது. பிறந்தநாள் பரிசாக வந்த புத்தகத்தில் இப்படி இருக்கவும் குழந்தைக்கு அது பெரிய விஷயமாகிவிட்டது, எல்லோரையும் பிறந்தநாள் கேட்டுக்கொண்டே வந்தாள். எங்கள் அப்பாவுக்கு ஜூன் 1, பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்டது, அசல் தேதி யாருக்கும் தெரியாது. "தாத்தாவும் ஹென்றி மாதிரியா?" என்று கேட்டாள். தம்பி சட்டென்று ஆமாம் என்று சொல்லப் போனான், அவன் மனைவி இல்லை என்றாள். தாத்தா வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை, ஹென்றிக்குத் தெரியவே கூடாது என்று வைத்திருந்தார்கள், இரண்டும் ஒன்று இல்லை என்று விளக்கினாள். எனக்கு அந்த ஐந்து நிமிடத்துக்காகவே பத்தொன்பது டாலர் தகும்.

இன்னொரு புத்தகம் வாங்கி என் பீரோவில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. ‘அன்ஸ்பீக்கபிள்’, கரோல் பாஸ்டன் வெதர்ஃபோர்ட் எழுதியது, ஃப்ளாய்ட் கூப்பர் வரைந்தது, 2021. ஓக்லஹோமாவில் டல்சா நகரில் கறுப்பினத்தவர் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை 1921இல் வெள்ளையர் கும்பல் எரித்துக் கொன்று அழித்தது பற்றி. புத்தகத்தின் முன்பாதி முழுக்க எரிவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்பதுதான், கடைகள், டாக்டர், தியேட்டர், ஓட்டல், ஞாயிற்றுக்கிழமை உடுத்திக்கொண்டு நடப்பவர்கள். என்ன தொலைந்தது என்று தெரிந்த பிறகுதான் தொலைந்த கதை வருகிறது. கூப்பரின் தாத்தா அதில் தப்பிப் பிழைத்தவர். இவர் படம் வரையும் முறை விசித்திரமானது, பலகை முழுக்க எண்ணெய் வண்ணத்தைப் பூசிவிட்டு ரப்பரால் அழித்து அழித்து முகங்களை வெளியே கொண்டுவருவார். புத்தகம் வந்த வருடமே காலமாகிவிட்டார். ஒன்பது வயதில் கொடுக்கலாம் என்று நான் சொல்கிறேன், இப்போதே கொடுக்கலாம் என்கிறாள் அவள் அம்மா. அவள் சொல்வதுதான் நடக்கும்.

எங்கே வாங்குவது? முதலில் நூலகம், காசில்லாமல் எடுத்துக் குழந்தை மூன்றாம் முறை கேட்டால் வாங்குங்கள். பிலடெல்பியா பக்கம் இருந்தால் கறுப்பினத்தவர் நடத்தும் கடைகளுக்குப் போங்கள். மேற்கில் 52ஆம் தெருவில் ஹக்கீம்ஸ் 1959இலிருந்து இருக்கிறது, ஜெர்மன்டவுனில் அங்கிள் பாபீஸ் காபிக் கடையும் புத்தகக் கடையும் சேர்ந்தது. இந்த மாதிரிக் கடையில் போய்க் கறுப்பின வரலாறு வேண்டும் என்று கேட்காதீர்கள், அலமாரி முழுக்க அதுதான். குழந்தைக்கு என்ன வயது, எது பிடிக்கும், எதற்குப் பயப்படும் என்று சொல்லுங்கள். துப்பறியும் கதை, பேய்க் கதை, பாட்டி வீட்டுக்குப் போகிற கதை என்று எடுத்துப் போடுவார்கள், எல்லாவற்றிலும் கறுப்பினப் பிள்ளைகள், யாரும் யாருக்கும் பாடம் நடத்த மாட்டார்கள். நான் இப்போது ஒரு கஷ்டக் கதைக்கு நான்கு சந்தோஷக் கதை என்ற கணக்கில் வாங்குகிறேன். முன்பெல்லாம் தலைகீழாக வாங்கிக்கொண்டிருந்தேன், ஒருநாள் அவள் அலமாரியைப் பார்த்துவிட்டு, "அத்தை, என் புக்ல மட்டும் ஏன் எல்லாரும் அழறாங்க?" என்று கேட்டாள்.

பக்கமெல்லாம் அட்டையாக இருக்கும் பதிப்பு, மேலட்டை மட்டும் கெட்டியாக இருக்கும் பதிப்பு இரண்டும் இருந்தால் மூன்று வயதுக்கு மேல் இரண்டாவதையே வாங்குங்கள். எங்கள் ‘ஹேர் லவ்’ முதுகு பிரிந்து இரண்டு முறை டேப் ஒட்டியாகிவிட்டது, அது புத்தகத்தின் குற்றமில்லை, பாட்டி அதன் மேல் சீப்பை வைத்து வைத்து எடுத்தது.

இந்த வருடப் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று போன வாரம் போனில் கேட்டேன். நான் ஒரு பட்டியலே தயாராக வைத்திருந்தேன். சுறா வேண்டுமாம். சுறா பற்றி, நிறையப் பல் தெரிகிற மாதிரி, பெரிய புத்தகம். சரி என்றேன். சுறாவுக்கு முடி கிடையாது, இந்த ஒரு வருடம் எனக்கு வேலை மிச்சம்.